எலும்புத் தேய்வு மருந்தின் பின்விளைவு நீடித்தால்

எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரையால் வந்த உடல்வலி, அதை நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்வதில் வியப்பில்லை. அந்த மருந்து எலும்பிலேயே படிந்து பல ஆண்டுகள் தங்கக்கூடியது. அதே வகையைச் சேர்ந்த, ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றப்படும் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தால் வரும் காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். அதையும் தாண்டி, இந்த வகை மருந்துகளால் எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் கடும் வலி நீடிக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. எனவே, 'வயதானால் வலிக்கத்தான் செய்யும்' என்று யாராவது சொன்னால் அத்துடன் விட்டுவிட வேண்டாம்.

மருந்து தொடங்கிய நாள், வலி வந்த நாள், வலிக்கும் இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் அவற்றின் குறைவும் இதே போன்ற வலியைத் தரும். வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்கினால், அலெண்ட்ரோனேட்டால் ஏற்கெனவே புண்பட்டிருக்கக்கூடிய இரைப்பை மேலும் கெடலாம்.

தொடையிலோ இடுப்பிலோ புதிதாக மந்தமான வலி தோன்றினால், அது தொடை எலும்பு முறிவின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்பு, மருந்தை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தாலும், அதை எடுத்துக்கொண்டதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எலும்புத் தேய்வுக்கே ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசியின் கதை வேறு: மாற்று மருந்தின்றி அதை நிறுத்தினால் முதுகெலும்புகள் முறியும் அபாயம் உயரும்.