போர்வெல் காத்து வாங்குதா? டேங்கருக்கு போன் போடறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

நாங்க இருக்கறது பெங்களூர ஒட்டுன ஆனேக்கல் பக்கம், கிராமத்த ஒட்டுன ஒரு சின்ன லேஅவுட். 22 வீடு, பாதிக்கு மேல தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைல இருந்து வந்த நம்ம ஆளுங்க. காவேரி பைப் இங்க வரைக்கும் வரல. ஒரு போர், ஒரு சம்ப் (தரைக்கு அடில இருக்கற தொட்டி), ஒரு மேல் டேங்க், அவ்ளோதான் எங்க சொத்து. 2024 கோடைல பெங்களூர் சிட்டிக்குள்ளயே சுமார் 14,000 அரசு போர்ல கிட்டத்தட்ட பாதி வத்திப்போச்சு, அந்த ஏப்ரல் பூரா பேருக்கு கூட மழை இல்ல, அப்ப எங்க போர் மட்டும் எப்படி தாங்கும். ஆனா இப்ப யோசிச்சா அது தானா வத்தல, பாதி நாங்களே கெடுத்தோம். அடிபட்டு கத்துக்கிட்டத எழுதறேன், இதே மாதிரி ஒத்த போர நம்பி இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல மோட்டார் சத்தத்த கேளுங்க. தண்ணி நல்லா இருக்கறப்ப பைப் வாயில கனமா கொட்டும். குறைய ஆரம்பிச்சா நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து துப்பும், கொஞ்சம் செம்மண் கலரா வரும். நாங்க "வருதுல்ல, ஓடட்டும்"னு விட்டோம், ரெண்டே நாள்ல மோட்டார் எரிஞ்சு போச்சு. சப்மெர்சிபிள் மோட்டார குளுகுளுன்னு வெக்கறதே சுத்தி இருக்கற தண்ணிதான், தண்ணி இல்லாம ஓடுனா காயில் கருகிரும். மேல தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கறதுக்குள்ள ஒரு வாரம் போச்சு, அந்த ஒரு வாரம் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால மொத வேலையா பேனல்ல ட்ரை ரன் கட் ஆகற ரிலே, அதாவது தண்ணி இல்லன்னா மோட்டார தானா நிறுத்தறது, ஒண்ணு போட சொல்லுங்க, எலக்ட்ரீஷியன் "எதுக்கு மேடம் தண்டச் செலவு"ன்னா கூட விடாதீங்க.

அடுத்தது கணக்கு. நம்ம போர் ஒரு நாளைக்கு எவ்ளோ குடுக்கும்னு தெரியாம பங்கு பிரிக்கவே முடியாது. ஒரு 200 லிட்டர் ட்ரம் எடுத்து பைப்புக்கு கீழ வெச்சு போன்ல நேரம் பாருங்க. எங்களுக்கு மார்ச்ல 5 நிமிஷம் ஆச்சு, அதாவது நிமிஷத்துக்கு 40 லிட்டர். அப்புறம் எவ்ளோ நேரத்துல காத்து துப்புதுன்னு பாருங்க, எங்களுக்கு 40 நிமிஷம். உடனே ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு மணி நேரம் கழிச்சு போட்டுப் பாத்தோம், மூணு மணி நேரம் விட்டாத்தான் பழையபடி 40 நிமிஷம் வந்துச்சு. நம்ம பக்கம் பூரா கருங்கல் பாறை, தண்ணி பாறை வெடிப்புல இருந்து கசிஞ்சு கசிஞ்சுதான் ஊறணும், அவசரப்பட்டா வராது, மாட்டுக்கு கன்னு விடற மாதிரி கொஞ்சம் நேரம் குடுத்தாத்தான் திரும்ப சொரக்கும்.

அப்ப 30 நிமிஷம் ஓட்டு, 3 மணி நேரம் ரெஸ்ட். 40 நிமிஷம் வருதேன்னு கடைசி சொட்டு வரைக்கும் உறியாதீங்க, அந்த பத்து நிமிஷம்தான் மோட்டாருக்கு உயிர். கரண்ட் இருக்கற நேரம் பாத்து டைமர் வெச்சா நாளைக்கு ஆறு தடவ, மொத்தம் 7,200 லிட்டர். 22 வீட்டுக்கு பிரிச்சா வீட்டுக்கு 320 லிட்டர் சொச்சம். நாலு பேர் குடும்பம்னா ஆளுக்கு 80. கிராமத்துக்கு ஜல் ஜீவன்ங்கற மத்திய அரசு குழாய்த் தண்ணி திட்டத்துல சொல்ற அளவே ஆளுக்கு 55 லிட்டர்தான், ஆக இது பிழைக்கற கணக்குதான், ஷவரும் கார் கழுவறதும் மட்டும் கிடையாது. வாரம் ஒரு தடவ ட்ரம் டெஸ்ட் திரும்ப பண்ணி செவுத்துலயே எழுதி வெச்சிடுங்க, 5 நிமிஷம் 6 ஆனா உடனே பங்கும் குறையணும்.

பங்கு பிரிக்கறதுலதான் சண்டையே. நாங்க வீட்டுக்கு 15 நிமிஷம்னு வால்வு திருப்புனோம், மேட்டுத் தெரு அக்கா ஒருத்தங்க ரெண்டாம் நாளே வாசல்ல வந்து நின்னுட்டாங்க. "உங்களுக்கும் பதினஞ்சு, எங்களுக்கும் பதினஞ்சு, ஆனா எங்க அண்டா மட்டும் ஏன் பாதிதான்"னாங்க. போய் 20 லிட்டர் பக்கெட்ல பாத்தா பள்ளத்து வீட்ல 50 செகண்ட், அவங்க வீட்ல 2 நிமிஷம்! அவங்க சொன்னது சத்தியம். அதனால நேரத்த பிரிக்காதீங்க, லிட்டர பிரிங்க. மேட்டு வீடுகளுக்கு தனி முறை, அதும் டேங்க் ஃபுல்லா இருக்கறப்ப முதல் முறை. வாட்டர்மேன் "நாளே பரத்தே அக்கா" (நாளைக்கு வரும் அக்கா)ன்னு கன்னடத்துல சொல்லிட்டு போறத நம்பி இருந்தா வேலைக்கு ஆகாது, வால்வு சாவி ரெண்டு வீட்ல இருக்கட்டும்.

ஒழுகல கண்டுபிடிக்க சுலபமான வழி, ராத்திரி 11 மணிக்கு மேல் டேங்க்ல மட்டத்த சாக்பீஸால குறி வெச்சுட்டு விடிகாலைல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி பாக்கறது. எங்களுக்கு நாலு விரக்கடை இறங்கி இருந்துச்சு. பூட்டி இருந்த ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க் சத்தமே இல்லாம ஓடிட்டு இருந்துருக்கு.

டேங்கர் வாங்கியே ஆகணும்னா சம்ப்ப அளந்து வெச்சுக்கோங்க. நீளம், அகலம், உயரம் அடில பெருக்கி அத 28ஆல பெருக்குனா லிட்டர். எங்க சம்ப் 10க்கு 8, ஒரு அடி ஏறுனா சுமார் 2,250 லிட்டர். 12,000 லிட்டர்னா அஞ்சே கால் அடி ஏறணும், எங்களுக்கு ஏறுனது நாலரை. அடுத்த தடவைல இருந்து டிரைவர் கண் முன்னாடியே குச்சி விட்டு அளந்தோம், அப்புறம் சரியா வந்துச்சு. 2024ல மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள்ள 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய்னு விலை கட்டினாங்க. அந்த ரேட்டுக்கு எத்தன பேர் வந்தாங்கன்னு கேக்காதீங்க.

டேங்கர் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாது, அதனால ப்ளீச்சிங் பவுடர் போடுங்க. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஒரு 12,000 லிட்டர் லோடுக்கு 30 கிராம். அப்படியே கொட்டாதீங்க, ஒரு பக்கெட்ல கரைச்சு தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் சம்ப்ல ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. பிரிச்சு வெச்ச பழைய பாக்கெட்ல வீரியம் இருக்காது. தண்ணில கரைஞ்ச உப்ப காட்டற டிடிஎஸ் மீட்டர் கம்மியா காட்டுதுன்னு சந்தோஷப்படாதீங்க, அது கிருமியையும் காட்டாது ஃப்ளோரைடையும் காட்டாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமுக்கு மேல போகவே கூடாது, பல்லையும் எலும்பையும் கெடுத்துரும், கோலார், தருமபுரி பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்ட சுண்ட கூடத்தான் செய்யும். பஞ்சாயத்துல டெஸ்ட் கிட் இருக்கான்னு கேட்டு பாத்துடுங்க, குடிக்க மட்டும் காசு போட்டு புடிக்கற ஆர்ஓ ப்ளான்ட் தண்ணி எடுத்துக்கோங்க. வீட்ல ஆர்ஓ இருந்தா அது வெளிய தள்ளற தண்ணி கக்கூஸுக்கு. அரிசி கழுவுன தண்ணி பக்கத்துல மாடு வெச்சிருக்கறவங்களுக்கு, கோடைல கறவ மாடு ஒண்ணு அறுபது லிட்டர் குடிக்கும்.

ரெண்டாவது போர் போடலாம்னு மீட்டிங்ல ஒருத்தர் கண்டிப்பா ஆரம்பிப்பாரு. ஆனேக்கல் ஏற்கனவே அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சற தாலுகா பட்டியல்ல இருக்கு, பர்மிஷனும் வேணும், ஆயிரம் அடி போயும் புழுதி மட்டும் வந்த கத நிறைய. அந்த காசுல மழைத் தண்ணிய பூமிக்குள்ள இறக்கற ரீசார்ஜ் கிணறு ஒண்ணு வெட்டுங்கன்னுதான் நான் சொல்வேன். மூணு நாலு அடி அகலம், இருபது அடி ஆழம், சிமெண்ட் ரிங் இறக்குனது. பெங்களூர சுத்தி பரம்பரையா கிணறு வெட்டற மண்ணு வட்டர் ஆளுங்க இருக்காங்க, மண்ண கைல எடுத்துப் பாத்தே இடம் சொல்வாங்க. 1,000 சதுர அடி மாடில 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல. ஆனா மாடித் தண்ணிய நேரா போருக்குள்ள விடாதீங்க, காக்கா எச்சம் பூரா குடிக்கற தண்ணில கலந்துரும். முதல் மழையோட முதல் பத்து நிமிஷ தண்ணிய வெளிய விடுங்க, அது மாடிய கழுவுன தண்ணி, அதுக்கப்புறம் கிணத்துக்கு திருப்புங்க.