தண்டுவடம் அடிபட்டு வீட்டுக்கு வந்தவர்கள் முதல் வருஷத்தில் பழக வேண்டியவை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போ எழுந்து நடப்பே? மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன எனக்கு முதல் எட்டு மாதம் அந்தக் கேள்வியிலேயே போனது. எண்ணெய் வைத்தியம், கொஞ்சம் பிசியோ, மறுபடி எண்ணெய் வைத்தியம். அதற்குள் பின்பக்கத்தில் படுக்கைப்புண் வந்து எலும்பு வரை இறங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் செய்தபோது தோலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடை திரும்புமா என்பது அடி எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது, அதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். ஆனால் காலையில் தானாக எழுந்து, குளித்து, வேலைக்குக் கிளம்ப நடை திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் தோல். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும், ராத்திரியிலும்தான். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சு தொடையில் படுகிற அளவுக்கு முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். கை ஊன்றி உடம்பைத் தூக்குவதும் சரிதான், ஆனால் அவ்வளவு நேரம் தாங்காது, தோள்பட்டையும் தேய்ந்துவிடும். தூங்கப் போகும்முன் கைக்கண்ணாடியில் வால் எலும்பு, உட்காரும் இடம், குதிகால் மூன்றையும் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அது குணமாகும்வரை அந்த இடத்தில் பாரம் போடாதீர்கள். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணை வேண்டவே வேண்டாம், சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். அப்புறம், சூடான டம்ளரை மடியில் வைக்காதீர்கள். சுட்டது தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

சிறுநீருக்குப் பலருக்கும் ஏற்றது, நேரத்துக்கு நேரம் நாமே டியூப் போட்டு எடுத்துவிடுவது. சோப்புப் போட்டுக் கை கழுவி, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேர விடக்கூடாது. நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். வெளியே போவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள்தான் காய்ச்சலோடு திரும்ப அட்மிட் ஆகிறார்கள். மலத்துக்குத் தினமும் ஒரே நேரம், சாப்பிட்டோ காபி குடித்தோ அரை மணிக்குள், கமோடு சேரில் உட்கார்ந்து. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

தண்டுவடத்தில் நெஞ்சுப்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்கள் இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: திடீரென்று மண்டை பிளக்கிற வலி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் போட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் அடைபட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். உடனே குறையவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதற்குப் பலத்தைவிட நுணுக்கம்தான் முக்கியம். இரண்டு பிரேக்கையும் போட்டு, வண்டியைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். விளிம்பு வரை நகர்ந்து, ஒரு கை கட்டிலில், ஒரு கை வண்டியில். இப்போது தலையை வண்டிக்கு எதிர்ப்பக்கமாகக் குனிந்து வீசினால் இடுப்பு தானாக வண்டிப் பக்கம் போகும். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது, அதுவும் கட்டில் கால்களை அறுத்து வண்டி உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான். நடுவில் வழவழப்பான பலகை ஒன்றைப் பாலம் மாதிரி வைத்தும் சறுக்கலாம். அந்த மூன்று வாரமும் அம்மா தூக்கிவிட ஓடிவந்துகொண்டே இருந்தார். வீட்டில் இருப்பவர்களே, பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பேண்ட் போட நாற்பது நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

வாசலில் ஒரு அடி உயரத்துக்குச் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுவது கஷ்டம்.

இதையெல்லாம் சொல்லித்தரும் இடங்கள் நம்மிடமே உண்டு. 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். வேலூர் சிஎம்சியின் பாகாயம் புனர்வாழ்வு மையம் 1966-ல் அவர் முயற்சியில் வந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். இப்படி ஒரு இடத்தில் சில வாரம் தங்கிப் பழகுங்கள். போகும்முன் வீட்டுக் கட்டிலின் உயரத்தையும் பாத்ரூம் கதவின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், அந்த அளவுக்கே வண்டி பார்த்து, அந்த உயரத்திலேயே பழகிவிட்டு வரலாம்.