விமானப்படை பைலட் ஆக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலைகளில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவன் வீட்டில் தறி ஓடுகிறது, இன்னொருவனின் அப்பா லாரி டிரைவர், ஒரு பெண்ணின் அம்மாவுக்கு அங்கன்வாடியில் வேலை. எல்லோருக்கும் ஒரே ஆசை, விமானப்படை பைலட். அங்கே ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த வயதில் நான் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சான்றிதழை மறந்துவிட்டுப் போவது, ஓடிப் பழகாமல் இருப்பது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றவற்றைச் சொல்கிறேன்.

அக்னிவீர் என்ற நான்கு வருடச் சேர்க்கையில் சேர்ந்தால் விமானம் ஓட்டலாம் என்று நம்புவது

அந்தச் சேர்க்கையில் பைலட் வேலை கிடையாது. இந்திய விமானப்படையில் விமானம் ஓட்டுபவர்கள் அதிகாரிகள். அதற்கான வாசல்கள் வேறு. பிளஸ் டூ முடிக்கும் வயதில் என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி. பட்டம் வாங்கியவர்களுக்கு 20 முதல் 24 வயதுக்குள் சிடிஎஸ் அல்லது ஏஎஃப்கேட் என்ற எழுத்துத் தேர்வுகள். என்சிசி (தேசிய மாணவர் படை) விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி. "எனக்கு ஆளைத் தெரியும்" என்று பணம் கேட்பவரிடம் இதில் எதுவும் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விடுவது

விடாதீர்கள். இயற்பியலையும்தான்.

பெண் பிள்ளைக்கு என்டிஏ இல்லை என்று சொல்லித் தடுப்பது

இது பழைய கதை. 2021-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு என்டிஏ பெண்களுக்கும் திறந்துவிட்டது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் அங்கே படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். போர் விமானத்தில் பெண்கள் சேர்ந்தது அதற்கும் முன்பே, 2016 ஜூனில். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற அந்த மூவரின் பெயரை எங்கள் மைதானத்துப் பெண்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும் தெரிந்துகொண்டால் நல்லது.

சிபிஎஸ்எஸ் என்ற பைலட் திறன் தேர்வை ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று எழுதுவது

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது இது ஒன்றுதான்.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி என்கிற ஐந்து நாள் தேர்வில் தோற்றால், வயது இருக்கும்வரை மறுபடி போகலாம். ஐந்தாவது தடவை, எட்டாவது தடவை ஜெயித்தவர்கள் உண்டு. நானே முதல் தடவை மனப்பாடம் செய்த பதில்களோடு போய், முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். இந்தப் பழக்கத்தில்தான் பிள்ளைகள் சிபிஎஸ்எஸ்ஸையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். பைலட்டுக்கான கை, கால், கவனம் மூன்றையும் கணினியில் சோதிக்கும் அந்தத் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். என்டிஏ வழியாக வந்து பதினெட்டு வயதில் தோற்றாலும் தோற்றதுதான். பிறகு பட்டம் வாங்கிவிட்டு ஏஎஃப்கேட் வழியாக வந்தாலும் கதவு திறக்காது. கடற்படை பைலட் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும்.

எங்கள் காலத்தில் அதன் இடத்தில் இருந்தது பிஏபிடி என்ற தேர்வு. ஒரு கருவி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திரையில் சின்னதாக ஒரு சதுரம், அதற்குள் நிற்காமல் நழுவும் ஒரு வெள்ளைப் புள்ளி. கையில் இருக்கும் குச்சி புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும், காலடியில் இருக்கும் பெடல்கள் இடமும் வலமும் நகர்த்தும். புள்ளியைச் சதுரத்துக்குள் வைத்திருக்கும்போதே விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். அவற்றையும் அணைக்க வேண்டும். குச்சியை இறுக்கிப் பிடித்தால் புள்ளி எகிறி ஓடும். துரத்தினால் இன்னும் ஓடும்.

அந்தத் தேர்வுக்கு முந்தைய இரவு, எஸ்எஸ்பியில் தேர்வாகிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நானும் என் நண்பனும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். காலையில் கருவியை எப்படி இயக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார்கள். "சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இருவருக்குமே பாதி புரியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்த கூச்சம், தலையை ஆட்டினோம். பயிற்சிச் சுற்றில் எனக்கு எப்படியோ பிடிபட்டது. அவனுக்குப் பிடிபடவில்லை. ஐந்து நாளும் என்னைவிட எல்லாவற்றிலும் முன்னால் நின்றவன் அவன். தரைப்பணிப் பிரிவில் சேர்ந்து நல்ல அதிகாரியாகத்தான் இருந்தான். ஆனால் என் விமானம் புறப்படும்போது ஓடுபாதைப் பக்கம் அவன் நின்று பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

போன வருடம் இங்கே வந்த ஒரு பையனுக்கும் இதேதான் நடந்தது. "தோற்றாலும் அனுபவம்தானே, போய் வா" என்று யாரோ பயிற்சி மையத்தில் அனுப்பிவிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே ஒரு தடவை கிடைப்பதில் என்ன அனுபவம்?

அதனால் முந்தைய இரவு போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். விளக்கம் சொல்லும்போது புரியாவிட்டால் கை தூக்குங்கள், உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். பயிற்சிச் சுற்றில் அவசரப்படாமல் எந்தக் கை, எந்தக் கால், எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குச்சியை இரண்டு விரலால் பிடிப்பது போலப் பிடியுங்கள். ஒரு விளக்கைத் தவறவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். டிராக்டர் ஓட்டிப் பழகிய ஒரு பையன் எங்களிடம் இருந்தான். கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை என்பது அவனுக்குப் பிறவியிலேயே வந்ததுபோல இருந்தது. தேர்வாகிவிட்டான்.

முதலில் சிபிஎல் வாங்கிவிட வேண்டும் என்று நிலத்தை விற்பது

சிபிஎல் என்ற சிவில் பைலட் உரிமம் கையில் இருந்தால் சிடிஎஸ், ஏஎஃப்கேட் இரண்டிலும் வயது வரம்பு 24-இலிருந்து 26 ஆகும். அவ்வளவுதான். எஸ்எஸ்பியும் சிபிஎஸ்எஸ்ஸும் அவர்களுக்கும் உண்டு. ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல்லில் உள்ள அகாடமியில் அரசே செலவு செய்து பறக்கச் சொல்லித் தருகிறது. பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும் தருகிறது. இதற்காகக் காட்டை விற்காதீர்கள்.

பச்சை குத்திக்கொள்வது

வேண்டாம்.

உயரத்தை மட்டும் அளப்பது

162.5 செ.மீ. இருக்கிறேன் என்று நிம்மதியாக வருபவர்கள் காலை அளந்திருக்க மாட்டார்கள். கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட உட்கார்ந்து, கூட இருப்பவரிடம் டேப்பைக் கொடுத்து இன்றைக்கே அளந்து பாருங்கள். கண்ணையும் ஒரு கண் டாக்டரிடம் காட்டுங்கள், நிறம் பிரித்தறியும் சோதனையோடு சேர்த்து. போன மாதம் அங்கன்வாடி அம்மாவின் பெண்ணை அளந்தோம். கால் 101 செ.மீ. வந்தது. டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு மைதானத்தை இன்னொரு சுற்று ஓடப் போனாள்.