குமரிக் கடற்கரையில் குடும்பப் படம்: எடுப்பவர் தவிர்க்க வேண்டியவை

முட்டம், கன்னியாகுமரி, திற்பரப்பு என்று விடுமுறை நாளில் எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். அப்பா கையில் புது கேமரா. அம்மாவும் பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கேமரா வாங்கிய புதிதில் எல்லோரும் வீட்டு ஆட்களை இப்படித்தான் படுத்துகிறோம். பேட்டரி, மெமரி கார்டு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை தீர்ந்துபோனால் தானே புத்தி வரும்.

கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். படம் எடுப்பவர் மேட்டில், காய்ந்த பாறையில் பத்திரமாக நிற்பார். அலை பெரிதாகத் தெரியவேண்டுமாம், அதனால் பிள்ளைகளைப் பின்னால் போகச் சொல்வார். "இன்னும் ஒரு எட்டு மக்கா... இன்னும் ஒரு எட்டு." பிள்ளைகளுக்கு முதுகில் கண் கிடையாது. அப்பாவின் கண்ணோ திரையில். கடலைப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை.

முட்டத்தில் ஒருநாள் மாலை அப்படித்தான் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து அலை சாதுவாக வந்து போனது. அடுத்தது பாறை மேல் ஏறிவிட்டது. நல்லவேளை, சின்னப் பெண்ணின் செருப்போடு போயிற்று. தாய் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "பிள்ளையள அங்க நிறுத்திட்டு நீரு மேட்டுல நிக்கீரோ?" படம் எடுத்தவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த பாறையில் அதே குடும்பம், அதே "இன்னும் ஒரு எட்டு". என்ன சொல்ல?

போன் கேமராவின் அகலக் கோண லென்ஸும் இதற்கு உடந்தை. அதில் பின்னால் இருப்பதெல்லாம் சிறுத்து, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் உடையும் அலைகூட எங்கேயோ உடைவதாகத் தோன்றும். திரையை நம்பி ஆட்களை மேலும் பின்னால் அனுப்புகிறோம். அலையும் பெரிதாகாது, ஆபத்துதான் பெரிதாகும்.

செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. ஆட்களை அலையிலிருந்து நன்றாகத் தள்ளி, காய்ந்த மணலில் நிறுத்துங்கள். நகரவேண்டியவர் நீங்கள். கரைப்பக்கமாக இன்னும் விலகிப்போய், போன் என்றால் இரண்டு மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். கேமரா என்றால் லென்ஸின் குவியத் தூரம் 100 மி.மீ.க்கு மேல். ஆட்கள் பழைய அளவிலேயே இருப்பார்கள், அலை மட்டும் வளர்ந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். மேட்டிலிருந்து எடுத்தால் அலை தட்டையாகிவிடும். மணலில் உட்கார்ந்து எடுங்கள். அப்போது அலையின் தலை அடிவானத்துக்கு மேலே எழும். வேட்டியில் மணல் ஒட்டும், ஒட்டட்டும்.

பாறையில்தான் எடுத்தாகவேண்டும் என்றால் முதலில் கேமராவை எடுக்காமல் கால் மணி நேரம் கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே உயரத்தில் வருவதில்லை. சின்னதாகப் பல வந்தபின் பெரியவை சில கூட்டமாக வரும். பாறை எதுவரை ஈரமாகக் கறுத்திருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. பச்சையாகப் பாசி இருந்தால் அடிக்கடி வருகிறது. அதற்கு இப்பால் நிற்பதுதான் முறை.

கள்ளக்கடல் நாட்களில் இந்தக் கணக்கும் செல்லாது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல்காற்று எழுப்பும் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. படத்துக்கு ஏற்ற அருமையான வானம்! 2024 மே மாதம், அப்படியான எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புமுன் பாருங்கள். அன்றைக்கு எச்சரிக்கை இருந்தால் கடலை விட்டுவிட்டு சிதறால் மலைக்குப் போங்கள்.

சூரியனை மட்டும் எடுப்பது

கன்னியாகுமரியில் விடியற்காலையில் எல்லோரும் கிழக்கே பார்த்துத்தான் எடுக்கிறார்கள். குடும்பத்தை முன்னால் நிறுத்தினால் முகமெல்லாம் கரி. சூரியன் எழும்பியதும் நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள். அதுவரை தூக்கக் கலக்கத்தில் இருந்த முகங்கள் மேல் மஞ்சள் வெளிச்சம் நேராக விழும். அது சில நிமிஷம்தான். யாரையும் இப்படி நில், அப்படி நில் என்று சொல்லாமலே நல்ல படம் கிடைக்கும். அப்புறம், ஜூன் மாதம் வந்துவிட்டு சூரியன் கடலில் மறையவில்லை என்று குறைப்படாதீர்கள். அப்போது அது வடமேற்கே ஒதுங்கி நிலத்துக்குப் பின்னால்தான் இறங்கும். கடலில் மறைவதைப் பார்க்க டிசம்பர், ஜனவரி.

ஒரே நாளில் மாவட்டம் முழுவதும்

காலையில் சூரிய உதயம், பிறகு படகு, மதியம் அருவி, மாலை முட்டம் என்று திட்டம் போடுவார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து, விடுமுறை நாளில் படகு வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும். மாலையில் எடுக்கும் படங்களில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள், கதை தெரியும். காலை ஒரு இடம், மாலை ஒரு இடம், நடுவில் நுங்கோ அக்கானியோ (பதநீர்தான்) குடித்துவிட்டு நல்ல தூக்கம். அவ்வளவு போதும்.

மாத்தூரில் மேலே மட்டும் நிற்பது

ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம் இது. அதன் மேலே நடந்தால் பாலம் தெரியாது. ஒரு நீளமான தொட்டியும் தென்னந்தலைகளும்தான் தெரியும். படியில் இறங்கிப் பரளியாற்றுப் பக்கம் போங்கள். 28 தூண்கள், 115 அடி உயரம். அடியில் ஒரு பிள்ளையை நிறுத்தினால்தான் அந்த உயரம் படத்தில் விளங்கும். முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே இருக்கட்டும், ஏறி வருவது லேசில்லை.

தோவாளைப் பூச்சந்தையில் வழியை மறிப்பது

மூட்டை தூக்கி வருபவருக்கு முதலில் வழி. கொஞ்சம் பிச்சிப்பூ வாங்கிவிட்டு, கேட்டுவிட்டு எடுங்கள்.

லென்ஸைச் சட்டையில் துடைப்பது

கடற்காற்றில் வருவது வெறும் ஈரமில்லை, உப்பு. காய்ந்த உப்பையும் மணல் துகளையும் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் (அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் பந்து) ஊதுங்கள், பிறகு லென்ஸ் துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுங்கள். கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

திங்கட்கிழமை பத்மநாபபுரம் போவது

அரண்மனைக்கு அன்று விடுமுறை.