மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி: பொறுப்புச் செவிலியர்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவின் பொறுப்பு உங்களிடம் வந்தால், வரிசையில் நிற்பவர்களைவிட, பதிவேட்டில் பெயர் இருந்தும் வராமல் போனவர்களைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அரசு மாத்திரை இலவசம்தான்; ஆனால் அதை வாங்க வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

இதை உணர்ந்தே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களை வழிநடத்துவதில்தான் உங்கள் தலைமை வெளிப்பட வேண்டும்.

மாதத் தொடக்கத்தில், சென்ற மாதம் மாத்திரை பெறாதவர்களின் பெயர்களை ஊர்வாரியாக ஒரு தனி நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் காரணம் எழுத இடம் விடுங்கள். 'வரவில்லை' என்று எழுதுவதைக் காரணமாக ஏற்காதீர்கள். நான் ஒருமுறை தேடிச் சென்ற பாட்டி, சுருக்குப்பையிலிருந்து பாதி பாதியாக உடைத்த அம்லோடிபின் என்னும் ரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்துக் காட்டினார். "தீந்துபோச்சுன்னா வாங்கியாற ஆள் இல்லையேம்மா" என்றார். பதிவேட்டின்படி அவர் தவறாமல் மாத்திரை வாங்குபவர். ஆகவே வாங்கினாரா என்பதோடு நில்லாமல், மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்க்கவும் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முறையையும் நீங்களே அருகில் இருந்து சரிபார்க்க வேண்டும். நோயாளி 5 நிமிடமாவது அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் இருக்க வேண்டும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அவசரத்தில் ஜாக்கெட் கையின் மேலேயே கருவியின் பட்டையைச் சுற்றிவிடுவது நம்மில் பலரிடம் உள்ள பழக்கம். அதைக் கண்டிப்புடன் நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்காமலே இருந்தால், மாத்திரையின் அளவை மருத்துவ அலுவலர்தான் மாற்ற வேண்டும். எண்ணிய மாத்திரைக் கணக்கையும் சேர்த்து அவரிடம் கொடுங்கள்.

மருந்து இருப்பில் இன்னும் கூடுதல் அக்கறை தேவை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால்தான் அரசுக்கு மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது. வந்தவர்களை மட்டும் கணக்கிட்டு மருந்து கேட்டால், தேடிப் பிடித்தவர்கள் திரும்பி வரும் மாதத்தில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தீர்ந்துபோய், அவர்கள் கைக்காசு போட்டு வெளிக்கடையில் வாங்க நேரும். ஆகவே மருந்தாளுநரிடம் தேவைப்பட்டியல் கொடுக்கும்போது, நோட்டில் உள்ள பெயர்களையும் கூட்டிச் சொல்லுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நெஞ்சுவலி வந்த இரவில் வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய முடியாது. காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளையும் அதே நோட்டில் குறித்துக்கொண்டு, வருமானச் சான்று வாங்கும் வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் போகும்போது, சான்று கைக்கு வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.