பின்னணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்

கடைப் பொருளின் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுக்கும்போது "அழகாக்கு" என்று கேட்காதீர்கள். "பின்னணியை மட்டும் வெள்ளையாக்கு, பொருளையும் எழுத்தையும் தொடாதே" என்று எழுதுங்கள். அழகாக்கச் சொன்னால் அது பொருளையே புதிதாக வரைந்துவிடக்கூடும்: பனங்கட்டி அடைத்த சிறு ஓலைப் பெட்டியான குட்டானின் பின்னல் பிளாஸ்டிக்போல வழவழப்பாகும், லேபிளில் உள்ள தமிழ் எழுத்துகள் வாசிக்க முடியாத கீறல்களாகும். நேர்வெயில் படாத விறாந்தையில் எடுத்த படத்துக்குப் பெரும்பாலும் வேறு திருத்தமே தேவைப்படாது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளை நிறம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். படத்தில் அதன் சிவப்பைக் கூட்டுவது ஏமாற்று.

நெல்லிக்காய் ரசம் அடைத்த கண்ணாடிப் போத்தலுக்கு மட்டும் இந்த வழி சரிவராது. பழைய பின்னணி கண்ணாடிக்குள்ளாலும் தெரியும். அதை முதலிலேயே வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து எடுங்கள்.