சீன மொழியில் ‘துவான்திங்’ எப்போது சொல்லலாம்?

‘துவான்’ என்றால் வெட்டுவது, ‘திங்’ என்றால் உறுதியாக்குவது. சேர்த்தால், ஆதாரத்தைப் பார்த்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிவுக்கு வருவது. இரண்டு அசைக்குமே நான்காம் தொனி, குரல் சட்டென்று இறங்கும்.

‘ஜிங்சா துவான்திங் தா ஷுவோ லெ ஹுவாங்’: அவன் சொன்னது பொய்தான் என்று போலீஸ் முடிவுகட்டியது. ‘துவான்திங்’குக்குப் பின்னால் இப்படி முழு வாக்கியமே வரட்டும்.

‘மழை வரும்னு நினைக்கிறேன்’ போன்ற பேச்சுக்கு இது ரொம்பக் கனம். அங்கே ‘ஜுவேதெ’ போதும். நிலைமையைப் பார்த்துக் கணிப்பது என்றால் ‘பான்துவான்’, அது தப்பாகவும் போகலாம்.

எனக்குப் பிடித்தது இதன் எதிர்மறைதான்: ‘ஹாய் பு நங் துவான்திங்’, இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. செய்தியில் அடிக்கடி காதில் விழும்.